செக்ரடேரியட் நல்ல தகப்பனா? பந்தயக் குதிரையின் இரண்டாம் வாழ்க்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

செக்ரடேரியட் என்ற குதிரையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்துவிடும். ஒன்று, அதுபோல் ஓடிய குதிரை கிடையாது என்பது. இன்னொன்று, அதன் குட்டிகள் ஒன்றும் தேறவில்லை என்பது. முதலாவதை மறுக்க ஆளில்லை. இரண்டாவதைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லியே உண்மையாக்கிவிட்டார்கள். சாம்பியன் குதிரைக்குப் பிறப்பதெல்லாம் சாம்பியனாகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்கு அடியில் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு ஏன் நடைமுறையில் பலிப்பதில்லை, ஒரு குதிரையின் வாரிசுகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள செக்ரடேரியட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

குதிரைப் பந்தயம் பற்றி எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன இனம்?

உலகின் பெரிய ஓட்டப் பந்தயங்களில் ஓடுபவை தரோபிரெட் என்ற இனக் குதிரைகள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில், உள்ளூர்ப் பெட்டைக் குதிரைகளையும் கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவந்த ஆண் குதிரைகளையும் சேர்த்து உருவாக்கிய இனம் இது. இன்றைக்கு இருக்கும் ஒவ்வொரு தரோபிரெட் ஆண் குதிரையின் தந்தைவழியையும் பின்னோக்கிப் போனால் மூன்றே குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும்: டார்லி அரேபியன், காடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க்.

இந்த இனத்தில் இனப்பெருக்கத்துக்குக் கடுமையான விதி உண்டு. செயற்கைக் கருவூட்டல் கூடாது. ஆணும் பெட்டையும் நேரில் இணைந்து பிறந்த குட்டிக்குத்தான் பதிவு கிடைக்கும். இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருக்கும் ஆண் குதிரையைப் பொலிகுதிரை என்போம், நம் ஊரில் பொலிகாளை என்பதுபோல. ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்குப் பல பெட்டைகள். பெட்டைக்கோ சினைக்காலமே பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் வழியில்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இருபத்தொரு ஓட்டங்கள்

செக்ரடேரியட் 1970 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செனரி குடும்பத்தின் 'தி மெடோ' பண்ணையில் பிறந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், மூன்று கால்களில் வெள்ளை. தந்தை போல்ட் ரூலர், தாய் சம்திங்ராயல். பண்ணையைக் கவனித்துக்கொண்டவர் பென்னி செனரி. பயிற்சியாளர் லூசியன் லாரின், ஜாக்கி ரான் டர்காட்.

1972 ஜூலையில் முதல் ஓட்டம். புறப்பட்ட உடனேயே இடித்துத் தள்ளப்பட்டு நான்காவதாக வந்தது. அதன் வாழ்க்கையில் முதல் மூன்று இடங்களுக்கு வெளியே போனது அந்த ஒரு தடவைதான். மொத்தம் 21 ஓட்டங்கள், 16 வெற்றிகள், பரிசுப்பணம் 13,16,808 டாலர். இரண்டு வயதிலேயே அமெரிக்காவின் 'ஆண்டின் சிறந்த குதிரை' பட்டம் வாங்கிவிட்டது.

1973-இல் நடந்ததுதான் கதை. அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களான கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே ஆண்டில் ஜெயித்தால் அது டிரிபிள் கிரவுன். 1948-இல் சைட்டேஷன் ஜெயித்த பிறகு 25 ஆண்டுகளாக யாருக்கும் வாய்க்கவில்லை.

டெர்பி ஒன்றேகால் மைல். எந்தக் குதிரையும் தூரம் ஏற ஏறக் களைக்கும். கடைசிக் கால் மைலில் வேகம் குறைவதுதான் இயல்பு. செக்ரடேரியட்டின் ஐந்து கால் மைல்களையும் நொடிக் கணக்கில் பாருங்கள்: 25.2, 24, 23.8, 23.4, 23. முடிவை நெருங்க நெருங்க வேகம் கூடிக்கொண்டே போகிறது. மொத்தம் 1 நிமிடம் 59.4 நொடி. அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது.

ஜூன் 9 அன்று பெல்மான்ட், ஒன்றரை மைல். ஐந்தே குதிரைகள். ஷாம் என்ற நல்ல குதிரை தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் ஓடிய வேகத்தைப் பார்த்து, இரண்டுமே தாங்காது என்று அரங்கில் இருந்த அனுபவசாலிகள் நினைத்தார்கள். ஷாம் தாங்கவில்லை, கடைசியாக வந்தது. செக்ரடேரியட் 31 லெங்த் முன்னால் முடித்தது. ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம், ஏறத்தாழ 8 அடி. அப்படியானால் இரண்டாவது குதிரை சுமார் 75 மீட்டர் பின்னால்! கடைசி வளைவில் ரான் டர்காட் தலையைத் திருப்பிப் பார்க்கும் காட்சி இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேரம் 2 நிமிடம் 24 நொடி. செக்ரடேரியட்டின் பேரில் அன்று பணம் கட்டி ஜெயித்தவர்களில் பலர் டிக்கெட்டை மாற்றவேயில்லை. 5,617 டிக்கெட்டுகள் நினைவுப் பொருளாக வீட்டுக்குப் போயின.

தோல்விகளும் உண்டு. அதே ஆண்டு சாரட்டோகாவில் விட்னி பந்தயத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது. வுட்வர்டில் ப்ரூவ் அவுட்டிடம் தோற்றது. அக்டோபர் 28 அன்று கனடாவில் கடைசி ஓட்டம், வெற்றி. அத்தோடு சரி. மூன்று வயதிலேயே ஓய்வு.

ஓடும்போதே விலை பேசியாச்சு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த குதிரையை ஏன் மூன்று வயதில் நிறுத்தினார்கள்? பணம்தான் காரணம். 1973 தொடக்கத்தில் பென்னியின் தந்தை கிறிஸ்டபர் செனரி இறந்துபோனார். சொத்துக்குக் கட்ட வேண்டிய வரி பெருந்தொகை. செக்ரடேரியட்டை சிண்டிகேட் செய்ய முடிவெடுத்தார்கள். அதாவது, குதிரையின் இனப்பெருக்க உரிமையைப் பங்குகளாகப் பிரித்து விற்பது. ஒரு பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பெட்டையைக் கொண்டுவந்து இணைசேர்க்கலாம். கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையை அப்போதுதான் பொறுப்பெடுத்திருந்த இளைஞர் செத் ஹான்காக் இந்த விற்பனையை நடத்தினார். 32 பங்குகள், பங்குக்கு 1,90,000 டாலர், மொத்தம் 60,80,000 டாலர். அதுவரை எந்தக் குதிரைக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. மூன்று வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த விற்பனை நடந்தது பிப்ரவரியில். டெர்பி மே மாதம். டிரிபிள் கிரவுன் வருவதற்கு முன்பே, இரண்டு வயது ஓட்டத்தையும் பரம்பரையையும் மட்டும் நம்பி முதலீட்டாளர்கள் இவ்வளவு பணத்தைக் கொட்டினார்கள். பெல்மான்ட்டுக்குப் பிறகு எதிர்பார்ப்பு எங்கே போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். செக்ரடேரியட்டின் குட்டிகளை மற்ற குதிரைகளின் குட்டிகளோடு ஒப்பிட யாரும் தயாராக இல்லை; அந்த 31 லெங்த்தோடுதான் ஒப்பிட்டார்கள்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஓட்ட வாழ்க்கை பதினாறு மாதங்களுக்குக் குறைவு. பொலிகுதிரை வாழ்க்கை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். பெரிய பணமும் பெரிய எதிர்பார்ப்பும் இரண்டாவதன் மேல்தான்.

வென்ற கையும் பிரிந்த சீட்டும்

இனி மரபியல். ரம்மி ஆடியவர்களுக்கு இது சுலபம். பதின்மூன்று சீட்டு கையில் வருகிறது. சில நேரம் எடுத்தவுடனேயே வரிசை எல்லாம் சேர்ந்து, ஜோக்கரும் வந்து, அப்படியே டிக்ளேர் செய்யலாம் போல இருக்கும். இப்போது அந்தக் கையைக் கலைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாதிச் சீட்டை மட்டும் இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்த ஒவ்வொரு சீட்டும் நல்ல சீட்டாகவே இருக்கலாம். ஆனால் வரிசை உடைந்துவிட்டது. வென்றது சீட்டுகளின் சேர்க்கை. கைமாறியது தனித்தனிச் சீட்டுகள்.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள், 32 ஜோடி. குரோமோசோம் என்பது உயிரணுவுக்குள் ஜீன்களை வரிசையாகத் தாங்கியிருக்கும் இழை. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் குட்டிக்குப் போகும். போவதற்கு முன் ஜோடிக்குள்ளேயே துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். ஆக, தந்தையின் பாதிதான் குட்டிக்கு. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு குட்டிக்கும் வேறு. மீதிப் பாதி தாயிடமிருந்து.

வேகம் என்பது ஒரு ஜீன் செய்யும் வேலையும் இல்லை. தசையின் தன்மை, எலும்பின் உறுதி, நுரையீரல், இதயம், கால்களின் கோணம், முட்டி மோதி முன்னேறும் மனம் என்று எத்தனையோ சேர வேண்டும். இதில் மயோஸ்டாட்டின் என்ற ஜீன் பற்றி நன்றாகத் தெரியும். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது அது. அதன் வகையைப் பொறுத்து குதிரை குறுகிய தூரத்துக்கா நீண்ட தூரத்துக்கா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் சாம்பியனா இல்லையா என்று அது சொல்லாது.

இதற்கு செக்ரடேரியட்டின் சொந்த வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. போல்ட் ரூலர் அன்றைக்கு அமெரிக்காவின் முதல்தரப் பொலிகுதிரை. அதன் சொந்தக்காரர்களான ஃபிப்ஸ் குடும்பம் கட்டணம் வாங்காமல் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது: நீங்கள் இரண்டு பெட்டைகளை இரண்டு ஆண்டு அனுப்புங்கள், பிறக்கும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்வோம், யாருக்கு முதல் தேர்வு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வோம். 1969-இல் சுண்டினார்கள். அந்த முறை இரண்டாம் ஆண்டில் ஒரு பெட்டைதான் சினையாகியிருந்தது. அதனால் சுண்டுவதில் தோற்பவருக்கே இரண்டு குட்டிகள்; ஜெயிப்பவருக்கு ஒன்று. ஜெயித்தவர் ஆக்டன் ஃபிப்ஸ். அவர் எடுத்தது சம்திங்ராயலின் பெண்குட்டி, பெயர் தி பிரைட். தோற்ற பென்னிக்கு மீதமிருந்த ஆண்குட்டியும், சம்திங்ராயலின் வயிற்றில் இருந்த குட்டியும் கிடைத்தன. வயிற்றில் இருந்ததுதான் செக்ரடேரியட்.

தி பிரைட்டுக்கும் செக்ரடேரியட்டுக்கும் தந்தை ஒன்று, தாய் ஒன்று. தி பிரைட் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சரி, செக்ரடேரியட்டின் குட்டிகள் உண்மையில் எப்படி ஓடின?

பதிவான குட்டிகள் ஏறத்தாழ 660. அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஸ்டேக்ஸ் பந்தயம் ஜெயித்தன. ஸ்டேக்ஸ் என்பது பெரிய பரிசும் பெயரும் உள்ள மேல்தரப் பந்தயம். நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த இனத்தின் சராசரி நூற்றுக்கு மூன்று, நான்கு. ஆக, சராசரிப் பொலிகுதிரையைவிட நன்றாகவே செய்திருக்கிறது.

இங்கே நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே சிறந்த பெட்டைகள் செக்ரடேரியட்டிடம்தான் வந்தன. தாய்மார்களும் பாதி கொடுத்தவர்கள். அந்த வசதியைக் கணக்கில் எடுத்தால் எட்டு என்பது பெரிய எண் இல்லை. அதே காலத்துப் பெரும் பொலிகுதிரையான நார்தர்ன் டான்சரின் குட்டிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஸ்டேக்ஸ் ஜெயித்தவை. அந்த வரிசையில் செக்ரடேரியட்டை வைக்க முடியாது. ஓடும் குட்டிகளின் தந்தையாக அது நல்ல குதிரை, மகத்தான குதிரை இல்லை என்பதே என் தீர்ப்பு.

ஆனாலும் 'ஒன்றும் தேறவில்லை' என்பவர்கள் இந்தப் பெயர்களைப் பார்க்க வேண்டும். ரைசன் ஸ்டார் 1988-இல் ப்ரீக்னஸையும் பெல்மான்ட்டையும் ஜெயித்தது. கிங்ஸ்டன் ரூல் 1990-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையைச் சாதனை நேரத்தில் ஜெயித்தது. லேடீஸ் சீக்ரெட் என்ற பெட்டை 1986-இல், ஆண் குதிரைகளையெல்லாம் தாண்டி, ஆண்டின் சிறந்த குதிரையானது. தந்தை தோற்ற அதே விட்னி பந்தயத்தை அந்த ஆண்டு ஆண் குதிரைகளோடு மோதி ஜெயித்தாள் அந்த மகள்.

மகள்கள்

உண்மையில் 'செக்ரடேரியட் நல்ல தகப்பனா?' என்று குட்டிகளின் ஓட்டத்தை மட்டும் வைத்துக் கேட்கும் கேள்வியே தப்பு. ஏன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

பொலிகுதிரையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தந்தை-மகன் வரிசையைத்தான் பார்ப்பார்கள்: இன்னாரின் மகன் இன்னார், அவன் மகன் இன்னார். பெயர் அந்த வழியில்தான் ஓடும். மகளின் பிள்ளை சாம்பியன் ஆனால் புகழ் அந்தப் பிள்ளையின் தந்தைக்குப் போகும். தாய்வழித் தாத்தாவை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ரத்தத்தில் பங்கு என்று பார்த்தால் இரண்டு தாத்தாக்களுக்கும் ஏறக்குறைய கால் பங்குதான்.

செக்ரடேரியட்டின் மகன்கள் பொலிகுதிரைகளாகப் பெரிதாக எடுபடவில்லை. மகள்கள் தாய்களாக அசத்தினார்கள். வீக்கெண்ட் சர்ப்ரைஸ் பெற்றவை 1990 ப்ரீக்னஸ் ஜெயித்த சம்மர் ஸ்க்வால், 1992 பெல்மான்ட் ஜெயித்த ஏ.பி. இண்டி. டெர்லிங்குவா பெற்றது ஸ்டார்ம் கேட். சீக்ரெட்டேம் பெற்றது கோன் வெஸ்ட். பெட்டிஸ் சீக்ரெட் பெற்ற செக்ரெட்டோ, 1984-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை ஜெயித்தது. 1992-இல் அமெரிக்காவின் தாய்வழித் தாத்தாக்கள் பட்டியலில் செக்ரடேரியட் முதலிடம்.

இவற்றில் ஸ்டார்ம் கேட்டின் கதை தனி. 30,000 டாலர் கட்டணத்தில் தொடங்கிய பொலிகுதிரை அது. அதன் குட்டிகள் ஜெயிக்க ஜெயிக்க, ஒரு இணைசேர்ப்புக்கு 5,00,000 டாலர் வரை ஏறியது. செக்ரடேரியட்டின் பேரன் வாங்கிய கட்டணம் அது.

மகன்களுக்கு வராதது மகள்களுக்கு எப்படி வந்தது? முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு பொலிகுதிரைக்கே ஆண்டுக்குப் பல பெட்டைகள் என்று முன்பு பார்த்தோமே, அதனால் பொலிகுதிரைகள் சிலவே போதும். நூறு ஆண் குட்டி பிறந்தால் பொலிகுதிரையாகும் வாய்ப்பு ஒன்றிரண்டுக்குத்தான்; அதுவும் நன்றாக ஓடியிருந்தால். பெண்குட்டிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. நல்ல பரம்பரை இருந்தால் சுமாராக ஓடினாலும் தாயாகலாம். அதாவது மகன்கள் வழியாகப் போயிருக்க வேண்டிய நல்ல ஜீன்களில் பெரும்பாலானவை அடுத்த தலைமுறைக்குப் போகவே வழியில்லை. மகள்கள் வழியாக எல்லாமே போக வழியுண்டு. மேலும் இந்த மகள்கள் பணக்காரப் பண்ணைகளில் இருந்தார்கள். சியாட்டில் ஸ்லூ, மிஸ்டர் ப்ராஸ்பெக்டர், நார்தர்ன் டான்சர் போன்ற அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பொலிகுதிரைகளோடு இணைசேர்த்தார்கள்.

ஓடுவதும் பெறுவதும் வேறு வேறு என்பது மகள்களுக்குள்ளேயும் தெரிகிறது. எல்லோரையும்விட நன்றாக ஓடிய லேடீஸ் சீக்ரெட், தாயாகப் பெயர் சொல்லும் குட்டி எதையும் தரவில்லை.

சுருக்கமாக: மகன்களுக்கு வடிகட்டி மிகவும் நெருக்கமானது, மகள்களுக்குத் தளர்வானது. அதனால் மகள்கள் வழிச் செல்வாக்கு ஒரு தலைமுறை தாமதமாகத்தான் கண்ணில் படும். 1980-களின் தொடக்கத்திலேயே 'தோற்றுப்போன தகப்பன்' என்று எழுதியவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

பெரிய இதயம் என்ற கதை

லேமினைட்டிஸ் என்ற நோய், குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு வீங்கிப் பழுதாவது. அது முற்றியதால் 1989 அக்டோபர் 4 அன்று செக்ரடேரியட்டை வலியில்லாமல் இறக்கச் செய்தார்கள். வயது 19. உடலைப் பரிசோதித்த மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக், இதயத்தின் அளவைப் பார்த்து அசந்துபோனார். நோயோ கோளாறோ எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது, அளவுதான் மிகப் பெரியது. எடை போடவில்லை. சாதாரணக் குதிரை இதயம் நாலு கிலோ அளவில் இருக்கும். இது சுமார் பத்து கிலோ இருந்திருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார். எடை போட்டதாகவே பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை.

இதிலிருந்து ஒரு கருத்து கிளம்பியது. பெரிய இதயத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது அது. தந்தை தன் எக்ஸை மகளுக்குத்தான் தர முடியும். மகனுக்கு ஒய் போகும். ஆகவே இதயம் மகள்களுக்குப் போனது, மகன்களுக்குப் போகவில்லை என்றார்கள். கேட்க அழகாகப் பொருந்துகிறது. எக்ஸ் மகளுக்கு மட்டும் போகும் என்பதும் உண்மை. ஆனால் இதய அளவைத் தீர்மானிக்கும் அப்படி ஒரு தனி ஜீனை அங்கே யாரும் கண்டுபிடித்துக் காட்டவில்லை. வடிகட்டி விளக்கமே போதுமானதாக இருக்கும்போது, நிரூபிக்காத ஒன்றை உறுதியான அறிவியல்போல் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

இன்றைய பரம்பரைப் பட்டியலில்

செக்ரடேரியட்டைத் தேடுபவர்கள் தந்தைவழி வரிசையில் தேடினால் ஏமாந்துபோவார்கள். தாய்களின் பக்கம் பாருங்கள். 2015-இல் டிரிபிள் கிரவுன் ஜெயித்த அமெரிக்கன் ஃபேரோவின் தாய், ஸ்டார்ம் கேட்டின் பேத்தி. 2018-இல் ஜெயித்த ஜஸ்டிஃபை, ஸ்டார்ம் கேட்டின் நேரடித் தந்தைவழி வாரிசு. இரண்டிலும் டெர்லிங்குவா வழியாக செக்ரடேரியட் இருக்கிறது. 2014-இல் டெர்பியும் ப்ரீக்னஸும் ஜெயித்த கலிஃபோர்னியா குரோம், ஏ.பி. இண்டியின் வழி.

அந்த ஏ.பி. இண்டியின் பட்டியலை விரித்துப் பார்த்தால் ஒரு விசேஷம் தெரியும். அதன் தந்தை சியாட்டில் ஸ்லூ. அதன் தந்தை போல்ட் ரீசனிங். அதன் தந்தை போல்ட்னீசியன். அதன் தந்தை போல்ட் ரூலர். தாய் வீக்கெண்ட் சர்ப்ரைஸ். தாயின் தந்தை செக்ரடேரியட். அதன் தந்தை அதே போல்ட் ரூலர். தந்தைப் பக்கம் நான்காம் தலைமுறையிலும் தாய்ப் பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் ஒரே முன்னோர். போல்ட் ரூலரின் ஆண் வழி இன்று அமெரிக்காவில் வலுவாக நிற்பது பெரும்பாலும் ஏ.பி. இண்டியின் மகன்களாலும் பேரன்களாலும்தான். போல்ட் ரூலரின் மிகப் பெரிய மகனான செக்ரடேரியட், தன் தந்தையின் ஆண் வழியைத் தன் மகன்களால் காப்பாற்றவில்லை. அதைக் காப்பாற்றிய குதிரையைப் பெற்றது அதன் மகள்.